முந்திரியைக் கேட்டுப் போனது

...பூனையின் காதைப் பற்றி வாயே திறந்திருக்கக் கூடாது. காது கிழிந்திருந்தால் என்ன இப்போது, அந்தக் காதில் மஞ்சளைக் குழைத்துப் பூசி ஆற்றினதே நம் வீட்டில்தான், எந்த மழைக்காலம், எந்தக் கடுவன் கடித்தது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும், தெரிந்தும் அதைக் கொடுக்க வேண்டிய அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு, என்னம்மா இது, காது பிஞ்சு கெடக்கு, வயசான பூனை போலயே, எலும்பும் தோலுமா இருக்கு, என்று அடுக்கிக்கொண்டே போனேன் பாருங்கள், இந்த வாயைக் கொண்டுபோய் எந்தக் கிணற்றில் போடுவது. தேனியில் போடி பஸ் ஏறும்போது கண்டக்டர் கேட்கிறான், கூடையில என்ன ஆத்தா, கோழியா, கோழின்னா டிக்கெட் எடுக்கணும் என்று. மூடியைத் திறந்து காட்டினேன், உள்ளே ஒரு பழைய துண்டு, அவ்வளவுதான். வெறுங்கூடைய எதுக்கு இந்த இறுக்கு இறுக்கிப் புடிச்சிருக்கீக, மேல வைங்க, என்றான். மேலே வைத்தால் ஆட்டத்தில் விழுந்துவிடாதா என்றேன். வெறுங்கூடை விழுந்தால் என்ன என்று அவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, பஸ் ஊரைத் தாண்டிக் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் தோன்றியது. மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

எல்லாம் அப்பா கற்றுக்கொடுத்த வியாபாரம். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற எவரும் பிடித்த சரக்கைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். மலையிலிருந்து சின்னத் தோட்டக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவார்கள், உள்ளங்கையில் கொட்டி, ஊதி, ஒன்றை உடைத்துப் பல்லில் வைத்து, முகத்தைச் சுளிக்க வேண்டும், என்னய்யா இது, பாதி பொக்கு, உள்ள அரிசியே இல்ல, பச்சை எங்க, பொகை நாத்தம் வேற... இப்படி நான் வைத சரக்கு ஒவ்வொன்றும் என் கடைக்குள்தான் வந்திருக்கிறது. பிடிக்காத சரக்கை வைது எனக்குப் பழக்கமே இல்லை, நல்லா இருக்குய்யா, அடுத்த கடையில காட்டுங்க, என்று மரியாதையாக அனுப்பிவிடுவேன். இது பழைய ஆட்களுக்குத் தெரியும், புதிதாக வருகிறவன் தெரியாமல் முகம் தொங்கிப்போய் நிற்பான், அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜாய்ஸ், என் தங்கச்சி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே தலையைத் தூக்காமல் சொல்வாள், "அண்ணே, எங்க அக்கா வஞ்சாகன்னா எடுத்துக்கிருவாகன்னு அர்த்தம். ஒக்காந்து டீ குடிங்க." அவன் சிரிப்பான். நான் அவளையும் சேர்த்து வைவேன், வியாபாரத்தக் கெடுக்கத்தான் வந்து ஒக்காந்திருக்கியா, ஒண்ணுக்கும் ஒதவாதவளே, என்று. அதற்கும் சிரிப்பாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை, அது போகட்டும், ஒரு வீட்டில் வைகிறதற்கு ஒருத்தியும் வசவு வாங்குவதற்கு ஒருத்தியும் இருந்தோம், அதில் குறை ஒன்றும் இல்லை. மூன்றாவதாக அந்தப் பூனை வந்தது. முந்திரிக் கலரில் இருக்கிறதென்று அவள்தான் முந்திரி என்று பெயர் வைத்தாள்.

ஜாய்ஸுக்கு டெங்கு என்றார்கள். ஆனால் எனக்கு இன்றும் அது வெறும் காய்ச்சல்தான், காய்ச்சலில் யாராவது சாவார்களா. வீட்டு வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது, தெருவை அடைத்துப் பந்தல், நாற்காலி, சபை ஜனம், பாட்டு, அவளுடைய ஸ்கூல் பிள்ளைகள் வரிசையாக வந்து பெட்டியைச் சுற்றிப் போனார்கள், இதற்குள் ஒரு பூனை வெளியே ஓடியதை யார் பார்ப்பார்கள். எல்லாரும் போன பிறகு அடுப்படியில் அதன் தட்டில் சோறு காய்ந்து எறும்பு மொய்த்துக் கிடந்தது, அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. நெத்திலிக் கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன், கூப்பிட வெட்கம், துக்க வீட்டுக்காரி பூனையைத் தேடித் தெருத்தெருவாகக் கத்துகிறாள் என்று சொல்ல மாட்டார்களா, வாயை மூடிக்கொண்டு கருவாட்டை மட்டும் நீட்டிக்கொண்டே நடந்தேன். கிடைக்கவில்லை. பிறகு போன வாரம் பக்கத்து வீட்டு ஏஞ்சல் போனைக் கொண்டுவந்து காட்டினாள், பெரியம்மா, இது நம்ம முந்திரி மாதிரியே இல்ல? அந்தக் காது, அந்தக் கலர், ஒரு கம்பிக் கூண்டுக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. போடி ஸ்டேஷன் பக்கம் மழையில் நனைந்து கிடந்ததாம், யாரோ எடுத்துக்கொண்டுபோய் ஜெயமங்கலத்துக்குப் பக்கத்தில் நாய் பூனைகளை வைத்துக் காப்பாற்றுகிற இடத்தில் விட்டிருக்கிறார்கள். வளர்க்க விருப்பமுள்ளவர்கள் நேரில் வரவும் என்று கீழே போட்டிருந்தது. விருப்பமுள்ளவர்கள்... அந்த வார்த்தையைப் பார்த்ததுமே எனக்குள் இருக்கிற வியாபாரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நினைக்கிறேன், உன் பொருள் அடுத்தவன் கையில் இருக்கும்போது விருப்பத்தை மட்டும் காட்டிவிடாதே, அவன் பிடி இறுகிவிடும், என்று அப்பா சொன்னது வேறு காதில் கேட்டது.

தென்னந்தோப்புக்குள் தகரக் கொட்டகை. சுபாஸ்ரீ என்று ஒரு பெண், சின்ன வயசுதான், கையெல்லாம் பூனை பிறாண்டிய கோடு, நல்ல பெண், அவளைக் குற்றம் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒவ்வொரு கூண்டாகக் காட்டிக்கொண்டே வந்தாள், நான் முந்திரியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன், ஆனாலும் பார்க்காத மாதிரி மற்றப் பூனைகளை விசாரித்தேன், கடைசியில் போனால் போகிறது என்கிற மாதிரி அதன் முன்னால் நின்றேன், நின்று... காது, வயசு, எலும்பு, தோல், எல்லாம் சொன்னேன். பூனை எதுக்கும்மா உங்களுக்கு, என்றாள். எதற்கென்று சொல்வது. வீட்டில் சாயங்காலம் சாவியைத் திருப்பும்போது உள்ளே ஒரு சத்தமும் இல்லை என்று சொல்வதா, தட்டைக் கழுவி அதே இடத்தில் வைத்திருக்கிறேன் என்று சொல்வதா, கடையில எலித் தொந்தரவு, என்று வாயில் வந்துவிட்டது. அவள் முகம் அப்படியே மூடிக்கொண்டது. போன தடவை குடோனுக்கென்று ஒருவர் வாங்கிப்போன பூனை எலி மருந்து தின்ற எலியைத் தின்று செத்துப்போனதாம், இவள்தான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாளாம், அதிலிருந்து கடைக்கும் குடோனுக்கும் கொடுப்பதில்லை என்றாள். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், நான் மட்டும்தான். ஜன்னலுக்கு வலை உண்டா, இல்லை. பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள், கடை சாத்துகிற மட்டும் யாரும் இல்லை. உங்களுக்கு முடியாமப் போனா யாரும்மா பாப்பாங்க... இதைக் கேட்டபோது அவளுக்கே சங்கடமாகத்தான் இருந்தது, தலையைக் குனிந்துகொண்டாள். நான் காசு தருகிறேன் என்றேன். அதையும் சொல்லியிருக்க வேண்டாம்.

அதற்கு அப்புறம்தான் உண்மையைச் சொன்னேன். இது எங்க பூனைம்மா, என் தங்கச்சி வளத்தது, அவ இப்ப இல்ல. சொல்லும்போதே தெரிந்தது, இத்தனை பொய்க்குப் பிறகு வருகிற உண்மையை எந்தக் கடைத்தெருவில் எடுப்பார்கள், நானே எடுக்க மாட்டேனே. போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, நூறு இருக்கும், எல்லாம் ஜாய்ஸ் போனுக்குள் இருக்கிறது, அந்தப் போனைத் திறக்க எந்தக் கோடு போடுவாள் என்று எனக்குத் தெரியாது, போன் கடையில் கொடுத்தால் திறந்து தருகிறோம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்கிறான், அழிக்க மனசு வராமல் தினமும் சார்ஜ் மட்டும் போட்டுவைக்கிறேன். அந்தப் போனையே எடுத்துக் காட்டினேன். பூட்டிய போனை வைத்து அவள்தான் என்ன செய்வாள் பாவம். யோசித்துவிட்டு, "உங்க பூனைதான்னா கூப்பிட்டுப் பாருங்கம்மா, குரல் தெரிஞ்சா வரும்" என்று கூண்டைத் திறந்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. குனிந்து, இருக்கிற பிரியத்தையெல்லாம் குரலில் கூட்டி, அங்கே மற்றவர்கள் எப்படிக் கொஞ்சுகிறார்களோ அப்படியே, முந்திரி, வாடா கண்ணு, வாடா செல்லம், அம்மாகிட்ட வாடா, என்று கூப்பிட்டேன். முந்திரி என்னைப் பார்த்தது. நன்றாகத்தான் பார்த்தது. பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் வைத்து, அட்டைப்பெட்டிக்குள் போய் உடம்பைச் சுருட்டிக்கொண்டது. பெரியகுளத்தில் இருந்து ஒரு புருஷன் பெஞ்சாதி கேட்டிருக்கிறார்களாம், வலையெல்லாம் அடித்துவிட்டார்களாம், நாளைக்கு வந்து எடுத்துப் போவார்களாம். தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, என்றாள், ரோடு வரைக்கும் கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

கோடாங்கிபட்டி தாண்டியாகிவிட்டது. பக்கத்தில் இருக்கிறவள் மடியில் பிள்ளை தூங்குகிறது, கால் என் கூடையில் இடிக்கிறது, இடிக்கட்டும். ஏன் பயந்தது... கண்ணு என்று கூப்பிட்டதற்கு ஏன் பயப்பட வேண்டும், நான் அடித்தது உண்டா, ஒரு நாள் உண்டா, சோறு வைக்காமல் இருந்தது உண்டா, காலையில் பால் பாக்கெட்டை உடைக்கும்போதே, ஏ மூதேவி, இங்கன வந்து தொலை, எந்த வீட்டுல திருடப் போயிட்ட, என்பேன், எங்கே இருந்தாலும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து காலைச் சுற்றும்... கிறிஸ்தவ வீட்ல மூதேவின்னு சொல்லலாமாக்கா, சர்ச் ஐயர் கேட்டா சபைய விட்டுத் தள்ளிருவாரு, என்று ஜாய்ஸ் சிரிப்பாள்... ஐயோ. மூதேவி. நான் ஒரு நாளும் அதை முந்திரி என்று கூப்பிட்டதில்லை. கண்ணு என்றும் இல்லை, செல்லம் என்றும் இல்லை. அது யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கும்? என் முகம் தெரிகிறது, உள்ளிருந்து வேறு யாரோ கூப்பிடுகிறார்கள், எந்தப் பிராணிதான் பயப்படாது. ஜாய்ஸும் இப்படித்தான் பயந்தாள். எந்திரிடி சோம்பேறி, ஸ்கூலுக்கு மட்டம் போட ஒரு சாக்கு ஒனக்கு, என்று காய்ச்சலில் வைகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில், கைகால் ஜில்லிட்டுப் போவதைப் பார்த்து என்னை மீறி, ஜாய்ஸ் கண்ணு, என்று கூப்பிட்டுவிட்டேன், வாழ்க்கையில் முதல் தடவை. சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். "என்னக்கா, எனக்கு ரொம்ப முடியலையா?" என்று கேட்டாள். இல்லடி, என்றேன். அவள் நம்பவில்லை, திரும்பவும் ஒரு வசவு வைதிருந்தால் நம்பியிருப்பாள், வாயில் வரவில்லை, அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை.

அன்றைக்குப் போன வசவு திரும்பி வரவே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. கடைக்கு வருகிற ஆட்களிடம் நல்லா இருக்குய்யா, நல்லா இருக்குய்யா, என்று எல்லாப் பையையும் தொட்டுவிட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறேன், பழைய ஆட்கள்கூட, அக்கா ஏன் இப்பல்லாம் சரக்கே எடுக்க மாட்டேங்கிறாக, என்று எதிர்க் கடையில் கேட்கிறார்களாம். யாரையும் வையவில்லை, எதையும் வையவில்லை. அவள் போன பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் வசவு இன்றைக்கு அந்தக் காதுக்குத்தான். அவள் மட்டும் பக்கத்தில் நின்றிருந்தால் அந்தப் பெண்ணிடம் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள், முடிந்துபோயிருக்கும். இனிமேல் எனக்காக அதைச் சொல்ல ஆள் கிடையாது, செத்துப்போவது என்றால் இதுதானா, நான் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவள் இல்லாமல் போவதா... நாளைக்கு அவர்கள் வருவதற்கு முன்னால் போய்விடலாம், முதல் பஸ்ஸுக்கே போய்விடலாம், கூண்டுக்கு முன்னால் நின்று, ஏ மூதேவி, இங்கன வந்து தொலை, என்று கத்தலாம், அந்தப் பெண் என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி, கேட்டைச் சாத்தினாலும் சரி. ஆனால் அதற்கும் வராவிட்டால்? முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கும் ஒரு அடி பின்னால் வைத்துவிட்டால்? கூடையின் மூடியைக் கொஞ்சம் நீக்கி, துண்டைப் பார்த்து, ஏ மூதேவி, என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். குரல் சரியாக இல்லை, நடுவில் உடைந்துபோயிற்று, இதைக் கேட்டால் ஜாய்ஸ்கூட எழுந்து வர மாட்டாள். பக்கத்துக்காரி திரும்பி, யார வையுறீக, என்று கேட்டாள். போடி எறங்குறவுக முன்னால வாங்க, என்று கண்டக்டர் கத்துகிறான், நான் மூடியை மூடாமல் இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன்.