எடை போட்டு வாங்கிய ரப்பர்

பாலக்கரையில் கார் உதிரிப்பாகக் கடை வைத்து எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பேரம் பேசுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போனாலும் பஜ்ஜி எண்ணிக்கையிலிருந்து பேரம் தொடங்கும். ஆனால் எதில் பேரம் பேசக்கூடாது என்று தெரியாத ஆட்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். அந்த வகையில் திருச்சியில் ஹரிஹரசுதனை மிஞ்ச ஆளில்லை.

அவருக்குப் பெரிய கடைவீதியில் பாத்திரக்கடை, ஸ்ரீரங்கத்தில் வீடு. போன வருடம் சென்னையில் யாரோ கைகழுவிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தார். இரண்டே கதவு, மடங்கும் கூரை. மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகக்கூடிய அந்த வண்டியில் இவர் அம்மா மண்டபம் வரை போய்த் திரும்புவார். வழியில் வேகத்தடை வந்தால் இறங்கி நின்று, அடியில் உரசுமா என்று குனிந்து பார்ப்பார். பின்னால் வரும் சைக்கிள்காரர் மணியடிப்பார்.

இந்த லட்சணத்தில் மகள் கனிஷ்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சிவசங்கர் துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்தவர், சென்னையில் வேலை. "மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் காரா? என் வண்டியிலதான் வருவாரு, நானே ஓட்டுவேன்" என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார். பத்திரிகைக்கு முன்னாலேயே காரின் படம் எல்லார் வாட்ஸ்அப்புக்கும் போய்ச் சேர்ந்தது. அழைப்புக்கு நாலு நாள் இருக்கையில் முன்சக்கரத்தின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பாகக் கிரீஸ்.

வண்டியைப் பொன்மலையில் டெல்பின் என்ற பெண் மெக்கானிக்கின் ஷெட்டுக்குக் கொண்டுபோனார். டெல்பின் கைவைத்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்று கிளட்ச் பிளேட் கொடுக்கப் போயிருந்த நானும் வேடிக்கை பார்த்தேன்.

"ஆக்சில் பூட் கிழிஞ்சிருக்கு சார்" என்றார் டெல்பின், டார்ச் அடித்துக் காட்டி. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆக்சில் சுற்றுவதற்கு வசதியாக ஒரு மூட்டு உண்டு. அதன்மேல் மாட்டும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறைதான் பூட். அது கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியே வரும், வெளியிலிருக்கும் மண் உள்ளே போகும்.

"மூட்டு நல்லா இருக்கு, சத்தமில்ல. ரெண்டு பக்கமும் பூட்டை மாத்தி, பழைய கிரீஸைக் கழுவிட்டுப் புதுசு வெச்சாப் போதும்."

"கிழிஞ்சது வலது பக்கந்தானே?"

"இடது பக்கமும் வெடிப்பு விட்ருச்சு சார்."

"வெடிப்புதானே? அது கிழியட்டும், அப்பறம் பாக்கலாம்."

மறுநாள் என் கடைக்கு வந்தார். அந்த வண்டிக்கான பூட்டை எடுத்து வைத்தேன். மெல்லியது, விரலால் அழுத்தினால் குழையும். அதைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அலமாரியில் இருந்த லோடு வேன் பூட் ஒன்று அவர் கண்ணில் பட்டது. இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தார். அதோடு விட்டாரா? போல்ட், நட்டு நிறுக்கும் என் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது எம்பத்தஞ்சு கிராம். அது நூத்தம்பது. சரக்கு எதுல இருக்கு, நீயே சொல்லு."

"அண்ணே, அது லோடு வேனுக்கு. இது அண்டா இல்லண்ணே, மடங்கி மடங்கி வேலை செய்யணும்."

"முப்பது வருஷமா யாவாரம் பண்றேன்ப்பா. தகடு மாதிரி இருக்கறத டப்பாவுல போட்டு என் தலையில கட்டப் பாக்குறியா? கனமானதையே குடு. அதுலயும் ஒரு அம்பது ரூபா குறைச்சுக்க."

ஒரு மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள இவ்வளவு பாடுபடும்போது குறுக்கே நிற்பது மரியாதையில்லை. ஐம்பது ரூபாய் குறைத்தே கொடுத்தேன்.

தராசில் நிறுத்து வாங்கிய பெருமையையும் சொல்லி அவர் நீட்ட, டெல்பின் அதை வாங்கி ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"இதை நான் மாட்டமாட்டேன் சார்."

"காசு குடுக்கறது நான்தானேம்மா?"

"மாட்டுறது நானுங்க. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா இது மடங்காது, மூட்டையே நெட்டித் தள்ளும். சரியானதக் கொண்டாங்க, மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தரேன்."

"பொம்பளகிட்ட வண்டிய விட்டது என் தப்பு."

"அதையும் தராசுல வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்று டெல்பின் அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

ஹரிஹரசுதன் விடவில்லை. கொள்ளிடக்கரைப் பக்கம் லோடு வேன்களாகவே பார்க்கும் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். அவருக்கோ பழகிய பூட்டைப் பார்த்ததில் சந்தோஷம். ஆக்சில் தண்டை மூட்டுக்குள் செருகினால், உள்ளே ஒரு வளையம் 'டக்'கென்று விழுந்து தண்டைக் கவ்விக்கொள்ள வேண்டும். தடித்த ரப்பர் முட்டுக்கொடுத்ததால் அது விழவில்லை. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, கிளாம்பை இறுக்கி, டெல்பின் கேட்டதில் பாதிக்கு வேலையை முடித்துவிட்டார். ஹரிஹரசுதன் அன்று மாலை எனக்குப் போன் பண்ணி இதைச் சொல்லிச் சிரித்தார்.

புதன்கிழமை மாலை கீழச் சித்திரை வீதியில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு வாத்தியம், நடுவில் கூரை மடக்கிய சிவப்புக் கார், கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை, பட்டு வேட்டியில் மாமனார் ஸ்டியரிங்கோடு. கார் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. தேர் ஓட்டுகிற பாவனையில் இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டே வந்தார். நானும் ஓசிச் சந்தனம் பூசிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

தெற்குச் சித்திரை வீதிக்குத் திரும்பும் முனையில் ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்தார். கீழே 'மடார்' என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தார். என்ஜின் தெரு முழுக்கக் கேட்கும்படி உறுமியது. வண்டி அசையவில்லை. இன்னும் மிதித்தார். மாமனார் அவசரப்படுகிறார் என்று நினைத்த பேண்டுக்காரர்கள் தாளத்தை ஏற்றிக்கொண்டு வேகமாக முன்னால் போய்விட்டார்கள்.

மாப்பிள்ளை இறங்கினார். கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தருகே குந்தி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாமா, ஆக்சில் கழண்டு வந்துருச்சு. இது என்ன, லோடு வேன் பூட்டா?"

"கெட்டியா இருக்கட்டுமேன்னு போட்டேன் மாப்பிள்ள."

சம்பந்தி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "படத்துல நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றார்.

பின்னால் வரிசையாக ஹாரன். முன்னால் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "சார், மாப்பிள்ளைய நான் ஏத்திக்கிறேன். மேலச் சித்திரை வீதி மண்டபந்தானே?"

பெண்ணின் அப்பா மண்டப வாசலில் நின்று மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டிய நேரம் அது. ஹரிஹரசுதன் கேட்டார்: "எவ்வளவு?"

"இருநூறு குடுங்க."

"இருநூறா? இதோ இருக்கற மண்டபத்துக்கா? எழுபது தரேன்."

"கல்யாணம் சார், வாய் நெறையாச் சொல்லுங்க."

"எனக்கு ஸ்ரீரங்கத்துல தூரம் தெரியாதாப்பா? எண்பது. கடைசி."

சிவசங்கர் கோட்டிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மாலையைச் சரிசெய்து, அப்பாவோடு நடக்கத் தொடங்கினார். பெண்கள் சீர்த்தட்டுகளோடு அவர் பின்னால் போனார்கள். மண்டபத்தில் கனிஷ்காவின் தாய்மாமன் மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப்போனதை நான் பார்த்தேன். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

முனையில் பேரம் நூற்றுப் பத்தில் படிந்ததாம்.

"சரி சார்" என்றாராம் ஆட்டோக்காரர், தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு. "ஏறப் போறது யாரு?"