எட்டொன்றாய் வற்றிய கசாயம்

ஃப்ராவ் லின் அழைப்பு மணியை அழுத்தியபோது தக்சாயினி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் எரியூட்டல் முடிந்து, வந்த சனம் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் அப்பா செல்வரட்ணம் இத்தனை வருடங்களாகச் சமையல் வேலை பார்த்த சீன உணவகத்தின் முதலாளியம்மா ஃப்ராவ் லின். அப்பாவின் தோளுயரம்தான் இருப்பாள். வீட்டில் அப்பா அவளைத் 'தளபதி' என்றுதான் சொல்வார். இன்று தளபதி கையில் வெள்ளைச் செவ்வந்தியோடு வாசலில் தயங்கி நின்றாள்.

ஒரு கிழமையாக எவரோடும் சரியாகக் கதைக்காத அம்மா ஞானமலர், கதிரையை விட்டு எழுந்தாள். வந்தவளை இருக்கக்கூட விடவில்லை.

"பிள்ளை, இவவிட்டைக் கேள். நான் காய்ச்சினது சரியோ எண்டு."

குசினியில் நாள் முழுக்க நின்று அப்பாவின் கால்கள் விறைத்துப்போயிருந்தன. இரத்தம் நன்றாக ஓடுவதற்கென்று ஃப்ராவ் லின்தான் சீன மருந்துப் பொதிகளைக் கொடுத்துவிட்டாள். குசும்பப்பூ, பீச் பழ விதை, சிவந்த வேர்த் துண்டுகள். காய்ச்சும் முறையையும் சொல்லித்தான் அனுப்பினாள். அப்பா வீட்டுக்கு வந்து, அவித்துக் குடிக்கட்டாம் என்பதோடு முடித்துவிட்டார். அம்மாவுக்குக் கசாயம் என்றால் ஒரே கணக்குத்தான். எட்டுப் பங்குத் தண்ணீர் ஒரு பங்காய் வற்ற வேண்டும். அப்படி வற்றினால் ஒரு பொதி ஒரு நேரத்துக்குத்தான் காணும். தினமும் காலையில் புதிதாக ஒன்றைப் பிரித்தாள்.

"இதைக் குடிக்கிறதிலும் பார்க்கக் கால் விறைச்சே கிடக்கலாமப்பா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பா குடிப்பார். அதன் பிறகு, இதயத்துக்கென்று டாக்டர் எழுதித் தந்த, இரத்தத்தை இளக்கும் குளிசை.

மூளைக்குள் இரத்தம் கசிந்து அப்பா விழுந்தார். மருத்துவமனையில் தக்சாயினி கசாயத்தைப் பற்றிச் சொன்னாள். அதனாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இனி அறிய வழியில்லை என்றார் டாக்டர். அவள் அதை அம்மாவிடம் அப்படியே சொன்னாள். பள்ளிக்கூட நாட்களிலிருந்து டாக்டரிடமும் அலுவலகங்களிலும் வீட்டுக்கு விழும் எல்லா டெர்மின்களுக்கும் போய், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்க்கிறவள் அவள்தான். அன்றிலிருந்து அம்மா அடுப்பைத் தொடவில்லை.

தக்சாயினி கேள்வியை ஜெர்மனில் சொன்னாள். ஃப்ராவ் லின், ஒரு பொதி எத்தனை நாளைக்கு வந்தது என்று கேட்டாள். ஒரு நாளைக்கு என்றதும் அவள் கை கோட்டுப் பொத்தானில் நின்றுவிட்டது.

ஒரு பொதி இரண்டு நாளைக்கு என்று அவள் மெல்லச் சொன்னாள். வேறு மருந்து எடுக்கிறாயா என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டதாகவும் அவர் இல்லை என்றதாகவும் சொன்னாள். இரத்தம் இளக்கும் குளிசை எடுப்பவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அதையே திரும்பவும் சொன்னாள்.

அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் சாமான் வாங்கும் ஜெர்மனுக்கு மேல் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும்.

"சரியாத்தான் காய்ச்சியிருக்கிறியளாம், அம்மா" என்றாள் தக்சாயினி.

"இவ்வளவு நேரம் கதைச்சவ, இதைத்தானோ சொன்னவ?"

"அப்பா நல்ல மனுசனாம். அதைத்தான் சுத்திச் சுத்திச் சொல்லுறா."

அம்மா மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஓம்" என்றாள். "நல்ல மனுசன்தானே."

என்ன சொன்னாய் என்று ஃப்ராவ் லின் கேட்டாள். சரியாகக் காய்ச்சியதாகச் சொன்னேன் என்றாள் தக்சாயினி. ஃப்ராவ் லின் அம்மாவின் கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்திருந்தாள். செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமலே படியிறங்கினாள்.

பூவைத் தண்ணீரில் வைத்துவிட்டுத் தக்சாயினி அறைக்குள் போனாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கட்டிலின் நடுவில் கிடந்தாள். தக்சாயினி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். திரும்பிப் போகலாமா என்று யோசித்தபோது, அம்மா கண்ணைத் திறக்காமலே சுவர்ப் பக்கமாக ஒதுங்கி, அவளுக்கு இடம் விட்டாள்.