கூடை இறங்காத பால்கனி

1

மனிதகுலத்தின் தனிமைக்கு ஒரே காரணம், படிக்கட்டுகள் குறுகலாக இருப்பதுதான்.

இது ஹாதெமின் கண்டுபிடிப்பு. கெய்ரோவில் என்னோடு படித்தவன். கீழே கடைகள், மேலே தொழிலும் குடித்தனமும் என்று தன் முதல் கட்டடத்தைப் பென்சிலில் வரைந்திருந்தான். ரப்பர் வைத்துக்கொள்வதில்லை; அது தயங்குகிறவர்களுக்கானதாம். துண்டறிக்கைக்கு நான்கு வரி எழுதித் தரச் சொன்னான். ஐந்தாவது வரியில் நவால் வந்துவிட்டாள். துண்டறிக்கை கெட்டது, இந்தக் கதை தொடங்கிற்று.

2

நைல் நதியின் மேல் அந்திச் சூரியன்

(வேண்டாம். அந்தச் சந்திலிருந்து நைல் தெரியாது.)

விரிசல் விட்ட பழைய கட்டடம். பதினொரு குடும்பமும் கையெழுத்திட்டால் இடித்துவிட்டு ஹாதெமின் கட்டடம் எழும். ஒன்று குறைந்தாலும் இடம் கார் நிறுத்தத்துக்குப் போய்விடும். பத்துப் பேர் போட்டாயிற்று. மிச்சம் மூன்றாம் மாடி நவால். பள்ளிச் சீருடை தைப்பவள், முழங்கால் தேய்ந்தவள். துணி மேலே வருவதும் சட்டை கீழே போவதும் பால்கனியிலிருந்து கயிற்றில் இறங்கும் கூடையில்தான்.

(மின்தூக்கி வைக்கலாமே என்பீர்கள். ஒரு பத்தியில் வைத்தும் பார்த்தேன். வீட்டுக்காரர் செலவென்று அடித்துவிட்டார்.)

3

கூடை இருந்தால் யாரும் படியிறங்க மாட்டார்கள், படியிறங்காவிட்டால் சமூகம் உருவாகாது என்பது ஹாதெமின் கணக்கு. ஆகவே படிகளை அகலமாக்கி, பால்கனிகளை வேலைப்பாடுள்ள மரச்சட்டத்தால் முழுக்க அடைத்து வரைந்திருந்தான். கட்டட மாதிரியையும் படத்தையும் தூக்கிக்கொண்டு அன்றைக்கு மூன்றாவது முறையாக மாடியேறினான்.

நவால் காஜா எடுத்துக்கொண்டே பார்த்தாள். இந்த இடத்தில் அவளை அழவைக்க நினைத்தேன். கையில் வேலை இருந்தது, மறுத்துவிட்டாள்.

"அழகாத்தான் இருக்கு இன்ஜினியர் தம்பி. கூடை எது வழியாப் போகும்?"

"இந்த மரச்சட்டம் நம்ம பண்பாடுக்கா. இந்தக் காலத்துல போய் கூடையா? வீட்டுக்குள்ள கிணறு இறைக்கிற மாதிரி இருக்கு."

படியில் நாலு பேரைப் பார்த்துப் பேசலாம் என்றும் சேர்த்துக்கொண்டான்.

"நான் படியிறங்கறதே ஆஸ்பத்திரிக்குத்தான். அப்ப பேசுனா அதுக்குப் பேரு துக்கம் விசாரிக்கிறது."

4

முடிவு அ: நவால் தாளைக் கிழித்தெறிகிறாள், சந்தே கைதட்டி

(இல்லை. பத்துக் குடும்பத்தின் கூரை அந்தத் தாளில் இருக்கிறது.)

முடிவு ஆ: ஹாதெம் மனம் திருந்தி ஒரு நீண்ட உரை

(அவன் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்கும் அவ்வளவு பொறுமை இல்லை.)

நடந்தது இவ்வளவுதான். நவால் ஊசியை அங்கியின் மார்பில் குத்தினாள். "எனக்காக மத்தவங்க ஏன் தெருவுல நிக்கணும்? குடு" என்று பேனாவுக்குக் கை நீட்டினாள்.

ஹாதெம் பேனாவைக் கொடுக்கவில்லை. "ஒரு நிமிஷம்க்கா" என்று படத்தை விரித்தான். சட்டைப்பையைத் தடவினான், காற்சட்டைப்பையைத் தடவினான். படிக்கட்டை எட்டிப் பார்த்தான்.

பிறகு பால்கனிக்குப் போனான். சந்தின் இரு பக்கமும் பார்த்தான். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கூடையை இறக்கினான். முடிச்சு எங்கே பிடிக்க வேண்டும் என்பது அவன் கைக்குத் தெரிந்திருந்தது.

கீழே சாபிரின் கடை. நூலிலிருந்து நோட்டுவரை கிடைக்கும்.

"சாபிரண்ணே," என்றான், பாதிக் குரலில். "ஒரு ரப்பர்."

சாபிர் ஒரு ரப்பரைக் கூடையில் போட்டார். கயிற்றை இரண்டு முறை இழுத்து, ஆயிற்று என்றார்.

5

அந்த ரப்பர் எதை அழிக்கும், எவ்வளவு அழிக்கும் என்று நான் சொன்னால் இது மறுபடியும் துண்டறிக்கை ஆகிவிடும். கூடை இரண்டாம் மாடியைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. கயிற்றைக் கொஞ்சம் நீங்கள் பிடியுங்கள்.