அடித்துத் திருத்திய எட்டு

வலிக்கென்றே தனியாக ஒரு மருத்துவமனை உண்டு என்பது, என் மனைவிக்கு வலி வந்து மூன்றாவது வருடம்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை எலும்பு, நரம்பு, கழுத்து என்று ஆளுக்கொரு உறுப்பைப் பங்குபோட்டுக்கொண்ட டாக்டர்களிடம் போய்வந்தோம். எல்லோரும் படம் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

அவள் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். இருபத்தாறு வருடம் கனமான கத்தரியைப் பிடித்த கை. வலது தோளில் தொடங்கும் வலி முழங்கை வழியாகக் கட்டைவிரலுக்கு இறங்கும். கத்தரியைத் தூக்கவே முடியாமல் போனதும் கடைக்காரர் விடுப்பு கொடுத்தார். "உன் மேஜையில வேற யாரையும் நிக்க விடமாட்டேன். ஆனா நாலு மாசம்தாம்மா" என்றார். நாங்கள் அந்த மருத்துவமனைப் படியேறியபோது அதில் ஒன்றரை மாதம் கரைந்திருந்தது.

காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் வெவ்வேறு உயரத்தில் இருந்தன. பாதிப் பேர் அவற்றில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"பஸ் வராத ஸ்டாப்பிங் மாதிரி இருக்கு" என்றாள்.

நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் மனித உருவம் ஒன்று, முன்பக்கமும் பின்பக்கமுமாக. வலிக்கும் இடத்தில் கறுப்படிக்க வேண்டும். அவள் பென்சிலை இடது கையில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்தாள்.

"ஏங்க, இந்த ஆளுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கு பாருங்க. இவனுக்கு சட்டை வெட்டினா கழுத்துக்குப் பின்னாடி பை மாதிரி தொங்கும்."

"உனக்கு வலிக்கிற எடத்தக் காட்டச் சொன்னாங்க. அவனுக்கு அளவெடுக்கச் சொல்லல."

முதலில் அவன் தோளைச் சரிசெய்தாள். அப்புறம்தான் தன் வலியைப் போட்டாள். அதுவும் கறுப்படிக்கவில்லை. துணியில் சாக்பீஸால் போடுவாளே, அந்தக் குறிகள். நர்ஸ் வேறு தாள் எடுக்கப் போனார். அதற்குள் டாக்டரம்மா இதை வாங்கிக்கொண்டார்.

"இந்த ரெட்டைக் கோடு என்னம்மா?"

"அங்க இழுத்துப் பிடிக்கும்."

"இந்தப் பெருக்கல் குறி?"

"மரத்துப்போற எடம். துணியில போட்டா அங்க கத்தரி படக்கூடாதுன்னு அர்த்தம்."

"அம்பு?"

"வலி அப்படித்தான் ஓடும். துணிக்கு நூலோட்டம் மாதிரி. குறுக்க வராது."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவ சொல்லுங்க, மொதல்லருந்து." இருபது நிமிடம் அந்தத் தாள் மேலேயே பேச்சு போயிற்று. என் மனைவியின் குரல் அவ்வளவு நேரம் அலுக்காமல் ஒலித்து நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"வலிய மொத்தமா எடுத்துடுவேன்னு சொல்லமாட்டேன். கத்தரியத் திரும்பப் பிடிக்க வைக்க முடியுமான்னு பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் தினமும் காலை, மதியம், மாலை என்று வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுத வேண்டும். பக்கத்தில் அன்று செய்த வேலை. எந்த நேரத்தில் வலி குறைவோ அந்த நேரத்தில் கத்தரிப் பயிற்சி. நான்கு வாரம் எழுதினாள்.

அந்தத் தாள்களைக் கெடுத்தவன் நான். எனக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அடித்தலும் திருத்தலுமாக ஒரு தாள் வீட்டைவிட்டு வெளியே போவதை என்னால் பொறுக்க முடியாது. கை நடுங்கித் தப்பாக எழுதித் திருத்தியிருக்கிறாள் என்று நினைத்து, கடைசியாக நின்ற எண்களை மட்டும் புதுத்தாளில் அழகாகப் படியெடுத்தேன். மாலை நேரங்களில் மூன்றும் நான்குமாக வந்தது. அதைப் பார்த்து, மாலையில் அரைமணி நேரம் கத்தரி பிடிக்கச் சொன்னார்கள்.

இரண்டு வாரத்தில் கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. விடுப்பில் ஒரு மாதம்தான் மிச்சம்.

டாக்டரம்மா என் படிகளைப் புரட்டினார். "ஒரு அடித்தல்கூட இல்லையே சார். வலியோட இருக்கறவங்க இவ்ளோ சுத்தமா எழுதி நான் பார்த்ததில்ல."

"நான்தான் படியெடுத்தேன்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அவங்க எழுதினது எங்க?"

என் மனைவி ஜன்னலைப் பார்த்தாள். "அந்தத் தாளெல்லாம் ஒண்ணா ஒட்டி பேட்டர்ன் வெட்டிட்டேன். இவருக்கு ஒரு சட்டைக்கு. இடது கையாலதான்."

மறுநாள் பையில் போட்டுக் கொண்டுபோனோம். முதுகு, முன்பக்கம் இரண்டு, கை, காலர். பரிசோதனைக் கட்டிலில் டாக்டரம்மா அவற்றைச் சட்டை மாதிரியே பரப்பிவைத்துக் குனிந்து படித்தார். கைத் துண்டில், ஒரு நாள் மாலைக்கு: எட்டு, அடித்து, நான்கு. காலரில்: ஏழு, அடித்து, மூன்று. காலை எண்கள் எதிலும் அடித்தல் இல்லை. நான்கும் ஐந்தும் எழுதினபடியே இருந்தன.

"சாயங்காலம் என்னம்மா நடக்கும்?"

"ஆறரைக்கு இவர் வருவாரு. வந்ததும் செருப்பக்கூடக் கழட்டாம இந்தத் தாளப் பார்ப்பாரு. எண்ணு பெருசா இருந்தா மொகம் செத்துப்போயிடும். வர்ற சத்தம் கேட்டதும் அடிச்சுட்டுக் கொறச்சுப் போட்டுடுவேன்."

காக்கைக்குத் தெரியுமா எருதின் நோவு என்பார்கள். அந்தக் காக்கை நான்தான் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"முப்பது வருஷமா பிழை பார்க்குறாரு, டாக்டர். பிழைய எடுக்குறேன்னு உள்ளத எடுத்துட்டாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பயிற்சி காலைக்கு மாறியது. பத்தே நிமிடம். அலாரம் வைத்து, மணி அடித்தால், வலியே இல்லாவிட்டாலும் கத்தரியை வைத்துவிட வேண்டும். எனக்கும் ஒரு விதி போட்டார்: இனி அவள் எண்களை எழுதும் நோட்டை நான் தொடக்கூடாது.

அந்தச் சட்டையைப் பதினொரு காலைகளில் வெட்டினாள். மணி அடிக்கும்போது கத்தரி துணியில் பாதி வழியில் நிற்கும்.

"இன்னும் ரெண்டு அங்குலந்தாங்க."

"மணி அடிச்சாச்சு."

"ஆமா, பெரிய ஜட்ஜு."

விடுப்பு முடிந்த அன்று கடைக்குப் போனாள். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும். மேஜை அவளுக்கே இருந்தது.

ஆறு வருடம் அந்த மேஜையில் நின்றாள். போன வருடம் ஒரு காலையில் இதயம் நின்று போய்விட்டாள். விதியை மீறி இப்போதுதான் அவள் நோட்டுகளைத் திறந்தேன். வலி இரண்டுக்கோ மூன்றுக்கோ இறங்கியிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன். ஐந்து, ஆறு, ஐந்து, ஏழு என்று இருந்தது. ஒன்றிலும் அடித்தல் இல்லை. பக்கத்தில்: 'முதுகுத் துண்டு.' 'கை இரண்டு.' 'பெரியவர் கோட்டு, பாதி.'

மூன்றாம் நோட்டில் ஒரு பக்கத்திலிருந்து எண்களே இல்லை. வேலைகள் மட்டும் இருந்தன. விடுபட்டதற்கான குறியைப் போட என் பேனா தானாகப் போயிற்று. மூடிவைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன்.

"வலி நின்னு போச்சா டாக்டர், இல்ல எழுத மறந்துட்டாளா?"

டாக்டரம்மா வெகுநேரம் பக்கங்களைத் திருப்பினார். "தெரியல சார். எனக்கும் தெரிஞ்சுக்கணும்போல இருக்கு. இதப் படியெடுத்துக்கவா?"

"எடுத்துக்குங்க" என்றேன். "எண்ணு இல்லாத எடத்த அப்படியே விட்டுடுங்க."