மாவு வறுக்கும் நேரம்

மளிகைப் பையிலிருந்து அட்லே ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு கண்ணாடிப் புட்டி வெளியே வந்ததும் அவன் மனைவி வெர்லி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கடையில் வறுத்து அடைத்து விற்கிற 'ரூ' என்ற குழம்பு மாவு. எண்ணெயையும் மாவையும் இரும்புச் சட்டியில் போட்டு, கை ஓயாமல் கிண்டி, சாக்லேட் நிறத்துக்குக் கொண்டுவந்தால் அதுதான் 'ரூ'. அது இல்லாமல் கம்போ குழம்பு கிடையாது. அதைப் புட்டியில் வாங்கி வருகிறவர்களை இந்த வீட்டில் இத்தனை வருஷமாகக் கேலி பேசியே தீர்த்திருக்கிறார்கள். கேலியில் முதல் ஆள் அட்லே. அவன் போய் வாங்கி வந்திருக்கிறான், அதுவும் வருஷத்தின் முதல் வாடைக்காற்று அடிக்கிற ஞாயிற்றுக்கிழமையில்.

"என்னய்யா இது?"

"பாத்தா தெரியல? தோளு வலிக்குது. எவன் நின்னு கிண்டுறது. ரெண்டு கரண்டி எடுத்துத் தண்ணியில கரைச்சா வேலை முடிஞ்சிது. ஊரே இப்ப அப்படித்தான் பண்ணுது."

"ஊரு பண்ணும். நீ பண்ண மாட்டியே."

"இன்னைக்குப் பண்றேன்."

அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். பையை நான்காக மடித்து இழுப்பறைக்குள் திணித்தான். இழுப்பறை மூட மறுத்தது. இரண்டு தடவை இடித்து மூடிவிட்டு, கோழியைக் கழுவப் போய்விட்டான். வெர்லி ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பை இன்னொரு முறை துடைத்தாள். காலையிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பூசையில் பாதிரியார் என்ன பேசினார் என்று கேட்டால் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. பூசை முழுக்க, இன்றைக்கு அவன் ரூ கிண்டும்போது எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கிண்டவே போவதில்லை என்கிறான்.

அட்லே வீட்டாருக்கு ஒரு வழக்கம் உண்டு. கஷ்டமான சேதி எதுவானாலும் ரூ கிண்டுகிறவரிடம்தான் போய்ச் சொல்வார்கள். கிண்டுகிறவர் சட்டியை விட்டு நகர முடியாது. கொஞ்சம் கை எடுத்தாலும் அடிபிடித்துக் கரும்புள்ளி விழுந்துவிடும், அப்புறம் மொத்தத்தையும் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். ஆகவே விலகிப் போக முடியாது, கையை ஓங்க முடியாது, கதவை அறைந்து சாத்த முடியாது. காதைக் கொடுத்துக் கேட்டுத்தான் தீர வேண்டும். நிறம் வந்ததும் நறுக்கின வெங்காயத்தைக் கொட்டுவார்கள். சட்டி சுர்ரென்று அடங்கும், பேச்சும் அதோடு அடங்கிவிடும். பிறகு சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. மகள் ரெனெல்லா கல்யாணத்துக்கு முன்னால் உண்டாகியிருந்ததை அப்பனிடம் சொன்னது அப்படித்தான். சட்டி மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தப் பையனின் எலும்பை எண்ணியிருப்பான்.

வெர்லிக்கே அந்த வழக்கம் தெரிந்தது பட்டுத்தான். கல்யாணமான புதிது, வயிற்றில் ரெனெல்லா. மாமியார் வீட்டு அடுப்பில் முதன்முதலாக அவள் கிண்டிக்கொண்டிருந்தபோது அட்லே பக்கத்தில் வந்து நின்றான். "திங்கக்கிழமை கடலுக்குப் போறேன். எண்ணெய்க் கிணத்து மேடையில வேலை. ரெண்டு வாரம் அங்க, ரெண்டு வாரம் இங்க" என்றான். என்ன சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் மாமியார் வந்து வெங்காயத்தைக் கொட்டிவிட்டாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. அவள் சொல்ல நினைத்தது அன்றைக்கும் வெளியே வரவில்லை, அதற்குப் பிறகு வந்த எந்த வருஷத்திலும் வரவில்லை.

இப்போது கடலுக்குப் போகப்போவது அவள். செவ்வாய்க்கிழமை விடிகாலைப் படகு. மேடையின் சமையலறையில் வேலை. பள்ளிக்கூடத்து அடுப்படியில் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்ட கை அது. பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை வேறொன்றோடு சேர்த்துவிட்ட பிறகு சும்மா கிடந்தது. முதுகில் அடிபட்டு அட்லே நிரந்தரமாக வீட்டோடு வந்தவன், பொழுது போகாமல் வீட்டுச் சமையலையும் பிடுங்கிக்கொண்டான். மிளகாய்த்தூள் டப்பா இருந்த இடத்தில் இல்லை. கரண்டிகளை ஆணியில் மாட்டிவிட்டான், எண்ணெய் மேடையில் சுத்தியலும் ஸ்பானரும் மாட்டுகிற மாதிரி. வெர்லி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். ஓடையில் இறால் படகுகள் போவதைப் பார்த்தாள். அந்த மனுஷன் மேல் கோபமில்லை. தனக்கும் போய்வர ஓர் இடம் வேண்டும், தான் வருகிற நாளை யாராவது எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படியோர் ஆசை வரும் என்று யாரும் அவளிடம் சொல்லி வைக்கவில்லை.

சொல்லாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. நாலு வீடு தள்ளி இருக்கிற லென்னிஸின் பெண்டாட்டி மேடைக்கு வேலைக்குப் போனபோது இதே மேசையில் உட்கார்ந்து அட்லே சொன்னான்: "பொண்டாட்டிய கடலுக்கு அனுப்பிட்டு வீட்ல உக்காந்து திங்கிறவன் எல்லாம் ஆம்பளையா?" அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்து வைத்தாள்.

படலைத் தள்ளிக்கொண்டு அவள் தம்பி டூசே வந்தான். கையில் காகிதத்தில் சுற்றிய, புகையில் வாட்டிய சாசேஜ் இறைச்சி, எப்போதும்போல வாய் நிறையப் பேச்சு. துறைமுகத்தில் ஆட்களைப் படகில் ஏற்றி அனுப்புகிற வேலை அவனுக்கு. அக்காவுக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான்.

"அத்தான், குளிரு வந்துருச்சு, கம்போ எங்க?" என்றவன் மேசையைப் பார்த்து நின்றுவிட்டான். "அடப்பாவி மனுஷா. புட்டியா? உங்கம்மா இருந்திருந்தா ரூ கிண்டுற துடுப்ப எடுத்து உன் மண்டையில போட்டிருப்பா."

"வாய மூடிட்டு சாசேஜ நறுக்குடா" என்றான் அட்லே.

"நறுக்குறேன். நாளைக்கு உருளைக்கிழங்கு சாலட்டும் டப்பாவுல வரும். நாளன்னைக்கு சோறும் டப்பாவுல வரும். அப்புறம் நீயும் ஒரு டப்பாவுல படுத்துக்க."

அட்லே சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பான். கோழியைத் தட்டில் வைத்துவிட்டு, விறகு பார்க்கப் போகிறேன் என்று கொல்லைப் பக்கம் போனான். இந்த வீட்டில் விறகடுப்பு இருந்தது அவன் அப்பன் காலத்தோடு சரி. டூசே அக்காவின் பக்கம் சாய்ந்தான்.

"சொன்னியா?"

"எங்க சொல்றது? புட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கிறான்."

"அக்கா, புட்டி இருந்தா என்ன, வாய் இருக்குல்ல. இன்னைக்கு நீ சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன். செவ்வாக்கிழமை காலையில துறைமுகத்துல அந்தாளு என் சட்டையப் பிடிச்சா நான் என்ன பதில் சொல்றது?"

"நீ சொல்லக் கூடாது. நான்தான் சொல்லணும்."

"அப்ப சொல்லு. ரெனெல்லா பிள்ளைங்களோட வந்துட்டா அப்புறம் எங்கேருந்து சொல்வே. அந்தப் பூட்ஸ கார் டிக்கியிலயே வச்சிருக்கியா?"

அவள் தலையாட்டினாள். முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். அது இல்லாமல் மேடையில் கால் வைக்க விடமாட்டார்கள். டூசேதான் கூட வந்து வாங்கித் தந்தான். டிக்கியில் ஒரு பழைய துண்டைச் சுற்றி வைத்திருந்தாள். காலையில் அட்லே கடைக்கு எடுத்துப் போனது அந்தக் காரைத்தான்.

அது நினைவுக்கு வந்ததும், வெங்காயம் நறுக்க எடுத்த கத்தியை வெர்லி கீழே வைத்தாள். அவனுடைய வண்டி வாசலில்தான் நின்றது, பேட்டரியும் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் காரில் போயிருக்கிறான், பையை எடுக்க டிக்கியைத் திறந்திருப்பான், பூட்ஸைப் பார்த்திருப்பான். தோள் வலி என்று நேற்று வரைக்கும் ஒரு முனகல்கூட இல்லை. நேற்று மதியம் கூரையேறித் தகரம் அடித்தவனுக்கு இன்றைக்குத் துடுப்புப் பிடிக்கத் தோள் வலிக்கிறதாம். அட கள்ளப் பயலே, தெரிந்துதான் புட்டியை வாங்கியிருக்கிறாய் என்று நினைத்தாள். சட்டி முன்னால் நிற்காவிட்டால் எதையும் கேட்க வேண்டியதில்லை. கோபம் வந்தது. கூடவே, எங்கிருந்து வந்ததென்று தெரியாமல், அவன் மேல் பரிதாபமும் வந்தது. எதற்கும் பயந்து பார்த்திராத மனுஷன், கடை அலமாரி முன்னால் நின்று யோசித்து, ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான்.

வெங்காயம், குடைமிளகாய், செலரித் தண்டு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் பெரிய கிண்ணத்தில் போட்டாள். மேசையிலிருந்த புட்டியை எடுத்து டூசேயின் கையில் வைத்தாள்.

"இத உன் வீட்டுக்குக் கொண்டு போ. போயிட்டு மதியம் எல்லாரோடயும் வா."

"சாசேஜு?"

"நான் நறுக்கிக்கிறேன். போடா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், புட்டியைப் பார்த்தான். புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

வெர்லி இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி எண்ணெய் ஊற்றினாள். மாவைக் கொட்டினாள். துடுப்பைச் சட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்தாள். வாடைக்காற்று முகத்தில் அடித்தது. காற்று ஓடைத் தண்ணீரைத் தெற்கே தள்ளிவிட்டிருந்ததால் கரையில் சேறு தெரிந்தது. அட்லே படித்துறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"சட்டி அடுப்புல இருக்கு. மாவு போட்டாச்சு" என்றாள்.

"புட்டி எங்க?"

"குடுத்தனுப்பிட்டேன். நீ வந்து கிண்டுனா கம்போ. இல்லாட்டி கரிஞ்சு போகும், பேரப்பிள்ளைங்க வெறும் சோறு திங்கட்டும்."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவளும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே எண்ணெய் மெல்ல நுரைக்கிற சத்தம் கேட்டது. சட்டி கரிகிறதைக் காதால் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க அந்த ஊரில் யாராலும் முடியாது. அட்லே திட்டிக்கொண்டே படியேறி வந்து துடுப்பைப் பிடித்தான். வெர்லி கிண்ணத்தை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள்.

மாவு வெளுப்பாக இருந்தது. அவன் அடியோடு சுரண்டிக் கிண்டினான். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் அவளுக்கு வரவில்லை.

"செவ்வாக்கிழமை போறேன்" என்றாள்.

"போறேன்னு தெரியும். பூட்ஸப் பாத்தேன்."

"தெரிஞ்சுதான் புட்டி வாங்குனே."

அவன் துடுப்பைத் திருப்பிப் பிடித்தான். மாவு வேர்க்கடலை நிறத்துக்கு வந்தது. வறுபடுகிற வாசனை எழுந்தது.

"அங்க குளிருல காத்து எப்படி அடிக்கும்னு உனக்குத் தெரியாது. இரும்புப் படி பூரா வழுக்கும். நான் விழுந்தது அங்கதான்."

"தெரியும். உன்னத் தூக்கிட்டு வந்தப்ப ஆஸ்பத்திரில நின்னது யாரு?"

"லென்னிஸ் சிரிப்பான்."

"நீ சிரிச்சேல்ல. அவன் திருப்பிச் சிரிக்கட்டும்."

மாவு செம்புக்காசு நிறம் தாண்டியது. அவன் குரல் தணிந்து வந்தது. "நீ போயிட்டா ரெண்டு வாரம் நான் இங்க என்ன பண்ணுவேன்?"

"நான் பண்ணதத்தான்."

"நீ என்ன பண்ணே?"

உண்மையாகவே தெரியாமல் கேட்டான். அதுதான் அவளைக் குத்தியது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் கேட்டதில்லை.

"நீ போற அன்னைக்கு உன் தலகாணி உறைய மாத்த மாட்டேன். ரேடியோவுல காத்து எந்தப் பக்கம்னு கேப்பேன். மேடையிலேருந்து ஆள் கொண்டு வர்ற ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவேன், உன்னோடதா இருக்காதுன்னு தெரிஞ்சும். ரெனெல்லாவுக்கு ஜுரம் வந்தப்ப தனியா..."

"வெங்காயத்தப் போடு" என்றான் அட்லே. ரூ சாக்லேட் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"இன்னும் முடிக்கல."

"வெர்லி, கரிஞ்சிடும்."

"அன்னைக்கு உங்கம்மா கொட்டிட்டாங்க. இன்னைக்குக் கிண்ணம் என் கையில இருக்கு."

சட்டிக்கு மேல் மெல்லிய நீலப்புகை எழுந்தது. வாசலில் ரெனெல்லாவின் கார் வந்து நிற்கிற சத்தம், பிள்ளைகள் கதவைத் திறந்து குதிக்கிற சத்தம். அட்லேயின் நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கியது. அவனுடைய இடது கை சும்மாதான் இருந்தது, அடுப்பை அணைக்கிற திருகு அதற்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவன் திருகைத் தொடவில்லை. துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டுக் கிண்டினான்.

"சொல்லு" என்றான். வெங்காயத்தை மறுபடி கேட்கவில்லை.