கொடி ஏறும் வரை நிற்கும் ரயில்

கொலோன் நகரிலிருந்து ரயில் புறப்பட்டுச் சிறிது நேரம் ஆகியும், மகளின் நீண்ட குளிர்ச்சட்டைக்குள் சேலை சுருண்டுகொள்வதைச் சரிசெய்து முடியவில்லை அம்சத்துக்கு. மகள் நீலாம்பாள் அன்றைய ஏற்பாட்டை மறுபடியும் சொன்னாள். நாட்டு எல்லை தாண்டி லியேஜில் இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும். லூவன் நகரில், வயதான கன்னியாஸ்திரீகள் தங்கும் மடத்தின் கதவை நான்கு மணிக்கு அடைத்துவிடுவார்கள். மே தின விடுமுறையாதலால் ரயில்களும் குறைவு. மறுநாள் அம்சம் ஊருக்கு விமானம் ஏறுகிறார். ஆகவே, சகாயம்மாளைப் பார்ப்பதென்றால் இன்றுதான்.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில், ஒரே மிராசுதாரின் நிலத்தில் அடுத்தடுத்த குடிசைகளில் பிறந்தவர்கள் அம்சமும் சகாயம்மாளும். நடவில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட ஆண்டில் சகாயம்மாள் வீட்டுக் கூரையைப் பண்ணை ஆட்கள் பிரித்து வாய்க்காலில் எறிந்தார்கள். குடியிருந்த மனை குடியிருப்போருக்கே என்று சர்க்கார் பட்டா கொடுத்தபோது, வாங்கிக்கொள்ள அந்தக் குடும்பம் ஊரில் இல்லை. மாதா கோயில் கன்னியர் சகாயம்மாளை அழைத்துப்போய்ப் படிக்கவைத்து, தங்கள் சபையிலேயே சேர்த்து, செவிலியாகக் கடல் கடந்து அனுப்பியிருந்தார்கள். அதன்பின் இருவரும் தொலைபேசியில் குரலைக் கேட்டதுண்டு, முகத்தைப் பார்த்ததில்லை.

அதற்கு முந்திய மே தினங்களில், பண்ணைக் காரியஸ்தர் கண்ணில் படாமல் விடியலிலேயே கிளம்பி, இருவரும் நாகூர் பாசஞ்சரில் திருவாரூர்க் கூட்டத்துக்குப் போவார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் வரப்பு வழியாகக் கொடியோடு ஆட்கள் ஓடிவருவார்கள். பெட்டியில் இருப்பவர்கள் இறங்கி நின்று மூங்கில் கம்புகளை வாங்கி உள்ளே கொடுப்பது வழக்கம். கடைசிக் கொடி ஏறும் வரை கார்டு ஊதமாட்டார். அவர் இளகிய மனமுள்ளவரா, கூட்டத்துக்குப் பயந்தவரா என்று திருவாரூர் வரும்வரை இருவரும் வழக்காடிக்கொண்டே போவார்கள்.

லியேஜில் சரியாகவே மாறி ஏறினார்கள். அடுத்து ஒரு சிறிய நிலையத்தில் ரயில் நின்றபோது, சுரங்கப்பாதைப் படியில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி மூச்சிரைக்க ஏறிவருவது தெரிந்தது. தோளில் கம்பு, கம்பில் சுற்றிய சிவப்புக் கொடி. கைப்பேசியில் ஆழ்ந்திருந்த நீலாம்பாளிடம் அம்சம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதாக அவருக்குத் தோன்றவும் இல்லை. இறங்கிப் போய்க் கம்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். விசில் கேட்டது. அவர் அவசரப்படவில்லை. கொடி இன்னும் கீழேதானே இருக்கிறது?

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் நீலாம்பாள், அங்கேயே இரு என்று கையால் காட்டியபடியே நகர்ந்து போனாள். மூதாட்டி கம்பைத் தூணில் சாய்த்துவிட்டு, அம்சத்தின் கையைப் பிடித்துச் சிரித்தார். ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியாமலே இருவரும் பெஞ்சில் காத்திருந்தார்கள்.

அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிவந்த மகளின் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா எறங்குன? யாராச்சும் எறங்கச் சொன்னாங்களா?"

"கொடியோட வந்துச்சு பாப்பா, அந்த அம்மா. உட்டுட்டுப் போவான்னு நெனைக்கல."

நீலாம்பாள் அடுத்த ரயிலின் நேரத்தைக் கைப்பேசியில் தேடினாள்.

லூவனில் மடத்தின் வாசலை அடைந்தபோது கதவு அடைத்திருந்தது. மணியடித்ததும் வந்த இளம் கன்னியாஸ்திரீ மிகவும் வருந்தினார். விடுமுறை நாளில் மாடியில் நோயாளிகளைக் கவனிக்க ஆள் குறைவு, தயவுசெய்து நாளை காலையில் வாருங்கள் என்றார். வழியில் ரயில் தவறியதையும் நாளைய விமானத்தையும் பற்றி நீலாம்பாள் எடுத்துச் சொன்னாள். உள்ளே அனுமதி இல்லை. சேதியை மட்டும் சொல்கிறேன் என்று அவர் படியேறிப் போனார். அம்சம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. சக்கர நாற்காலியில், வெள்ளை முக்காட்டுக்குள் ஒரு சிறிய கறுத்த முகம்.

"அடியே அம்சு, ரயில உட்டுட்டியாமே?"

நடவு வயலில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் எட்டிய குரல் அது, கொஞ்சமும் தேயவில்லை. தெருவில் போன ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கொடிய ஏத்திவுட எறங்குனேன். அவன் பாட்டுக்குப் போயிட்டான்."

"கார்டு நிக்கலியா?"

"இந்த ஊரு கார்டுக்கு நம்மளத் தெரியலடி."

மேலே சிரிப்பு இருமலாக மாறி, மறுபடியும் சிரிப்பானது. பிறகு யார் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்ற விசாரணை. தன் குடிசை இருந்த மனையில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டார் சகாயம்மாள். ஒரு வேப்பமரம், அவ்வளவுதான், நாங்கள் யாரும் அதை வளைத்து வேலி போடவில்லை என்றார் அம்சம்.

மடத்துக்குள் மணி ஒலித்தது. யாரோ நாற்காலியைத் திருப்பினார்கள்.

"போயிறாதடி. ஜெபம் முடிச்சுட்டு வந்துர்றேன்."

திரும்பும் ரயிலைப் பற்றி நீலாம்பாள் தயங்கித் தயங்கி நினைவூட்டினாள். அம்சம் குளிர்ச்சட்டையைக் கால்களுக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, வரப்பில் உட்காருவதுபோல நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். மேலே ஜன்னலை யாரும் மூடியிருக்கவில்லை. உள்ளே பாடும் குரல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு போயிற்று.