எமி தேர்ந்தெடுத்த மீன்கள்

தொட்டியில் தண்ணீர் நிரப்பி இருபத்தாறு நாட்கள் ஆகியிருந்தன. அதுவரை ஒரு மீனைக்கூட விடக்கூடாது என்று கடைக்காரர் ஸ்ரீனிவாஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஃபில்டர் மட்டும் ஓடட்டும், தண்ணீர் பழகட்டும், அவசரப்பட்டால் எல்லாம் செத்துப்போகும் என்றார். பதினொரு வயது எமி பள்ளியிலிருந்து வந்ததும் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மல்காஜ்கிரியில் இரண்டாவது மாடி வீடு. அப்பா நோவாவுக்கு மஸ்கட்டில் வேலை. அம்மா ரேச்சலுக்கு ரயில்வே அலுவலகத்தில். மூன்று மாதங்களுக்கு முன் ரேச்சலின் தம்பி ஷெர்வினும் வந்து சேர்ந்தான். நாச்சாரத்தில் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசரின் மூக்கை உடைத்து வேலையை இழந்தவன். வந்த இரண்டாம் வாரமே குளியலறைக் கதவைக் குத்தி ஓட்டை போட்டான். ரேச்சல் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினாள்.

சனிக்கிழமை மாலை மீன் வாங்கப் போனார்கள். எமி ஒரு நோட்டில் பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஸ்ரீனிவாஸ் தனக்குத் தெரிந்த தமிழில் காரணம் சொல்லி ஒவ்வொன்றாக அடித்துவிட்டார்.

"ஏஞ்சல் நக்கோ பேட்டா, வேணாம். வளந்தா கப்பியை முழுங்கிடும். டைகர் பார்ப் வாலைக் கடிக்கும். நியான் டெட்ரா உங்க போர் தண்ணியில நிக்காது."

கடைசியில் ஆறு கப்பி, நான்கு மோலி, நான்கு பிளாட்டி, அடியில் மேய்வதற்கு ஐந்து கோரி. பைகளை மடியில் வைத்துக்கொண்டு எமி ஆட்டோவில் மூச்சுகூடப் பெரிதாக விடவில்லை.

வீட்டில் ஷெர்வின் குனிந்து பார்த்தான். "இதெல்லாம் மீனா? கொசுப்புழு கணக்கா இருக்கு."

"இவங்க சண்டையே போட மாட்டாங்க மாமா. பீஸ்ஃபுல்."

"சண்ட போடாத மீனு எதுக்கு?" என்றான்.

மறுநாள் அம்மாவும் மகளும் சர்ச்சுக்குப் போனார்கள். ஷெர்வின் தலைவலி என்று படுத்திருந்தான். பன்னிரண்டரைக்குத் திரும்பியபோது தொட்டித் தண்ணீர் கலங்கியிருந்தது. செதில்கள் பொடியாக மிதந்தன. நடுவில் உள்ளங்கை அளவில், நெற்றி புடைத்த சிவப்பு மீன் ஒன்று நின்றது. ஃபிளவர்ஹார்ன். அதன் வாயில் கறுப்பு மோலி ஒன்று பாதி போயிருந்தது. வெளியே இருந்த வால் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஃபில்டர் வாயில் ஒரு கப்பியின் பின்பாதி ஒட்டிக்கிடந்தது. கண் இரண்டும் போன பிளாட்டி ஒன்று பக்கவாட்டில் வட்டமடித்தது. கல்லுக்கடியில் இரண்டு கோரிகள் பதுங்கியிருந்தன. மோலியை விழுங்கிய சிவப்பு மீன் அந்தக் கல்லைப் போய் முட்டியது.

எமி கத்திக்கொண்டே கையைத் தண்ணீருக்குள் விட்டாள். அது திரும்பி அவள் விரலைக் கவ்வியது. கையை உதறி வெளியே எடுத்தபோது ரத்தம் முழங்கை வரை வழிந்தது.

"ஏல, என்ன காரியம்ல செஞ்சிருக்க?" என்று ரேச்சல் தம்பியைப் பார்த்துக் கத்தினாள்.

ஷெர்வின் சோபாவில் இருந்து எழுந்திருக்கவில்லை. "ஃபிரெண்டு குடுத்தான்க்கா. வீடியோ எடுத்திருக்கேன், பாரு. எட்டே நிமிஷம்." போனை நீட்டினான்.

ரேச்சல் அவன் கன்னத்தில் அறைந்தாள். போன் பறந்தது. அவன் எழுந்து அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் இடித்தான், இரண்டு முறை. அவள் கைக்கு இஸ்திரிப் பெட்டி அகப்பட்டது. அதன் முனையால் அவன் தோளில் இறக்கினாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. மறுபடியும் ஓங்கி இறக்கினாள். அவன் பிடி தளர்ந்தது. பக்கத்தில் கிடந்த மர ஸ்டூலைத் தூக்கி அவள் தலையைக் குறிவைத்து எறிந்தான். அவள் குனிந்தாள். ஸ்டூல் தொட்டியின் நடுவில் விழுந்தது.

எண்பது லிட்டர் தண்ணீரும் கண்ணாடியும் ஒன்றாக வந்து விழுந்தன. அவளை நோக்கிப் பாய்ந்த ஷெர்வின் ஈரத்தில் வழுக்கினான். நெட்டுக்குத்தாக நின்ற கண்ணாடி விளிம்பின்மேல் கை பட விழுந்தான். மணிக்கட்டிலிருந்து மேலே வெள்ளையாகப் பிளந்து, ரத்தம் பீறிட்டது.

"வயர் தண்ணியில கெடக்கு மம்மி, நக்கோ!" எமி ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

ரேச்சல் ஒரு கணம் அசையவில்லை. கிடக்கட்டும் என்று நினைத்தாள். அதை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

"யக்கா," என்றான் ஷெர்வின்.

ரேச்சல் துண்டை இழுத்து அவன் முழங்கைக்குக் கீழே சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். சத்தம் கேட்டு வந்த அடுத்த வீட்டு பானு எமியைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவின் தரையெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். வழுக்கி விழுந்ததாக ஷெர்வின் சொன்னான்.

"இல்ல டாக்டர்," என்றாள் ரேச்சல். "சண்ட. நான் இஸ்திரிப் பெட்டியால அடிச்சேன். அவன் ஸ்டூல எறிஞ்சான். அப்படியே எழுதிக்கோங்க."

இருபத்து மூன்று தையல். இரண்டு விரல்களுக்கான நரம்பு அறுந்திருந்தது. அவளுக்கு நெற்றியில் நான்கு தையல்.

"கோவத்துல செஞ்சிட்டேன்க்கா," என்றான் அவன், கட்டிலில் படுத்தபடி.

"நானும் கோவத்துலதான் அடிச்சேன். ஒண்ணோட நிறுத்தல. எம் பிள்ள பாத்துக்கிட்டு நின்னா." "உன் துணிமணிய எடுத்து வைக்கேன். நீ நம்ம வீட்டுக்கு வராதல."

அவள் வீடு திரும்பியபோது நான்கு மணி. பானு கண்ணாடியைப் பெருக்கிக் குவித்திருந்தாள். பானுவின் முகம் சரியில்லை. ரேச்சலை வாசலுக்கு இழுத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்தப் பெரிய மீனு தரையில துள்ளிக்கிட்டே இருந்துச்சு. எடுத்துத் தண்ணியில போடும்மான்னேன். எனக்குத் தொட பயம். இவ குத்தவச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. அரை மணி நேரத்துக்கு மேல."

எமி ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். விரலில் பானு கட்டிவிட்ட துணி. அவளுக்கு முன்னால் சிவப்பு மீன் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் பக்கெட், அதற்குள் இரண்டு கோரிகள் உயிரோடு இருந்தன.

"ஒரே பக்கெட்தான் இருந்துச்சு மம்மி," என்றாள் எமி, அம்மாவைப் பார்க்காமல்.

குளியலறையில் இன்னும் இரண்டு பக்கெட்டுகள் இருப்பது இருவருக்கும் தெரியும். ரேச்சல் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நெடுநேரம் விறைப்பாக இருந்த எமி, பிறகு உடல் குலுங்க அழத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை கோரிகளை ஸ்ரீனிவாஸிடம் கொடுத்தார்கள். அவர் ரேச்சலின் நெற்றிக்கட்டைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டார். ஷெர்வின் ராமச்சந்திராபுரத்தில் ஒரு நண்பன் அறைக்குப் போய்விட்டான். அவனுடைய இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை.